பிள்ளைக் காம்பராவும் முதற் பல்லும்

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிச் சரித்திரம் எழுதியவர்கள் ஏற்றுமதிக் கணக்கையும், கங்காணிகள் ஆள் சேர்த்த முறையையும், தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் விளைத்த அநீதியையும் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார்கள். எழுத வேண்டியவையே அவை. ஆயினும், ஆறு மாதத்துச் சிசு ஒன்று ஈறு நமைத்து, வாய்நீர் ஒழுகி மார்புத் துணி நனைய, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வாயில் வைத்துக் கடித்து, இரவெல்லாம் சிணுங்கும் அந்தப் பருவத்தில், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் விடிந்தும் விடியாததுமாய் மலைக்குப் போயாக வேண்டிய தாய்க்குப் பதிலாக அதைத் தேற்றியவர் யார், எதைக் கொண்டு தேற்றினார் என்ற விஷயத்துக்கு அந்தச் சரித்திரத்தில் போதிய இடம் கிடைக்கவில்லை.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாக எழவில்லை. கோப்பி, பழம் பறிக்கும் பருவத்துக்கு மாத்திரம் மிகுதியான ஆட்களை வேண்டிய பயிர். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து, காட்டுவழியே நடந்து மலையேறியவர்களிற் பெரும்பாலோர் ஆடவர். பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் லூலகந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும், 1869ல் தலைகாட்டிய இலைநோய் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அடியோடு அழித்ததும் இந்த வாழ்க்கையின் அமைப்பையே மாற்றிவிட்டன. தேயிலை வருஷம் பன்னிரண்டு மாதமும் கொழுந்து விடுவது. வாரத்துக்கொரு தடவையேனும் அதே செடிக்குத் திரும்பிவந்து கிள்ளாவிட்டால் இலை முற்றிப்போகும். அந்த வேலைக்குப் பெண்களே உகந்தவர்கள் என்று தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் தீர்மானித்தார்கள். ஆகவே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயங்களில் குடும்பங்கள் நிலைகொண்டன. அங்கேயே பிள்ளைகள் பிறந்தன. பிறந்த பிள்ளையின் பசிக்கும் தோட்டத்தின் நேரக்கணக்குக்கும் நடுவே தாய் அகப்பட்டுக்கொண்டாள்.

காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டும் பிரட்டுத் தப்பு முழங்கியதும் குழந்தையைத் துணியிலே பொதிந்து எடுத்துச் சென்று பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் மலைக்கு ஏறுவாள். பிள்ளைக் காம்பரா என்பது பெரும்பாலும் லயத்தோடு ஒட்டிய ஓர் அறை; கூரை மரத்திலிருந்து பழஞ்சீலைத் தொட்டில்கள் தொங்கும்; கூடை சுமக்கும் வயதைக் கடந்துவிட்ட ஒரு கிழவி அங்கே ஆயாவாக இருப்பாள். ஈறு நமைக்கும் பிள்ளைக்கு அவளிடம் இருந்த பரிகாரங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அவளுடைய தாயும் பாட்டியும் கொண்டுவந்தவை. அவற்றுள் முதன்மையானது வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. விளக்கெண்ணெய் தடவிய வசம்பை விளக்கின் சுடரில் காட்டிக் கரியாக்கி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரசி, நாக்கிலே ஒரு சிறு பொட்டாகத் தடவுவார்கள். மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு ஆகியவற்றையும் இப்படியே ஓரிரு சுற்று உரசிச் சேர்ப்பதுண்டு. வசம்புத் துண்டுகளை நூலில் கோத்து மணிக்கட்டிலே வளையலாகக் கட்டிவிடுவார்கள். பிள்ளை தன் கையைத் தானே வாய்க்குக் கொண்டுபோய் அதைக் கடித்துக்கொண்டிருக்கும். வசம்பு முற்றிலும் தீங்கற்றதன்று என்று இக்கால வைத்தியர் எச்சரிக்கிறார்கள். இத்தகைய மருந்தோடு ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் கொடுப்பதையும் தடுக்கிறார்கள். இவ்விரண்டிலும் அவர்கள் சொல்வதையே கேட்க வேண்டும். ஆயினும் அந்தக் கிழவியின் உபாயங்களில் எக்காலத்துக்கும் பொருந்துவது ஒன்று இருந்தது. நன்றாகக் கழுவிய சுட்டுவிரலால் கீழ் ஈற்றின் முன்பகுதியை மெல்ல அழுத்தித் தேய்ப்பதும், குளிர்ந்த நீரிலே நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியைக் கடிக்கக் கொடுப்பதுமே அது. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவில் பீலியில் வழிந்துவரும் ஊற்று நீர் எப்போதும் குளிர்ந்தே இருந்ததால் அதற்கு வேறொன்றும் தேட வேண்டியதில்லை. எஞ்சியது தாலாட்டு. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்துக் காப்பாற்றினார். அத்தகைய பாடல்களைத் தொட்டிலருகே பாடிய ஆயாக்களின் பெயர்களைத்தான் ஒருவரும் குறித்துவைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் முதற் பல் தோன்றினால் பல்லுக் கொழுக்கட்டை அவிப்பார்கள். தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசை போலப் பதித்த கொழுக்கட்டைகளைப் பிள்ளையின் தலையிலே சொரிந்து, சுற்றத்தார் கூடி மகிழ்வார்கள். தோட்டத்து லயத்தில் அப்படியொரு விழாவுக்கு வழக்கமும் அரிது, ஓய்வும் அரிது. அங்கே முதற் பல் மகிழ்ச்சியைவிடப் பயத்தையே மிகுதியாகக் கொண்டுவந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. பல் முளைக்கும் ஆறாம் மாதத்திலேதான் தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி குன்றுகிறது. பாலோடு கூழும் சோறும் தொடங்குகின்றன. பிள்ளை தவழ்ந்து மண்ணையும் துணியையும் வாயிலே வைக்கிறது. கழிப்பிடம் இல்லாத லயங்களின் மேற்புறத்திலிருந்து வழிந்த அழுக்கு, குடிக்கும் நீரிலே கலந்த காலத்தில், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் காய்ச்சலும் வந்ததில் வியப்பில்லை. “பல்லு மொளைக்குது, அதான் வயித்தால போகுது” என்று கிழவி சொல்லுவாள். தாயும் அதையே நம்பிக் காத்திருப்பாள். அப்படிக் காத்திருந்த இரண்டு நாளில் உடல் வற்றி இறந்த பிள்ளைகள் எத்தனையோ. இதைப் படிப்பறியாதவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளுவது பெரும் அநியாயம். துரைமாரின் சொந்த தேசத்திலே, 1839ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 மரணங்களுக்குப் பல் முளைத்தலே காரணமென்று அரசாங்கப் பதிவேடு எழுதிவைத்தது. ஈற்றைக் கத்தியாற் கீறுவதை அங்குள்ள வைத்தியர்கள் சிகிச்சையாகக் கொண்டிருந்தனர். பாதரசத்தால் ஆகிய பூரம் கலந்த பல்முளைப்புப் பொடிகளைத் தாய்மார் நம்பி வாங்கினர். பிள்ளைகளின் கையும் காலும் சிவந்து நோகும் ஒருவகை வியாதிக்கு அந்தப் பாதரசமே காரணமென்று 1940களின் இறுதியில் தெளிந்து, 1954ல் தான் பிரிட்டனில் அப்பொடிகளிலிருந்து பூரம் நீக்கப்பட்டது. அதனோடு ஒப்பிட்டால், கழுவிய விரலும் நனைந்த துணியும் கொண்டிருந்த தோட்டத்துக் கிழவி எவ்வளவோ மேலான வைத்தியம் செய்தாள் என்பதே என் அபிப்பிராயம்.

பல்லின் மேல் பழியைப் போடுவது தோட்ட நிர்வாகத்துக்கும் சௌகரியமாக இருந்தது; அழுக்கு நீருக்கும் கழிப்பிடமின்மைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சட்டமோ மெதுவாகவே வந்தது. 1872ல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென்று முதற் சட்டம் பிறந்தது. டிஸ்பென்சரிகளும் ஆஸ்பத்திரிகளும் மெல்ல மெல்லத் தோன்றின. 1939ஆம் ஆண்டின் பிரசவச் சகாயச் சட்டம் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சில வாரங்களுக்குச் சகாயம் வழங்கியது. பிற்காலத்தில் அது 84 நாளாக நீண்டது. ஆனால் முதற் பல்லோ ஏறக்குறைய 180ஆம் நாளில் வருவது. ஈறு நோகும் பிள்ளைக்கு எல்லாப் பரிகாரத்திலும் சிறந்தது தாயின் மடியும் அவள் பாலும் என்றால், அது மிகவும் வேண்டியிருந்த மாதத்தில் அந்த மடி தொலைமலையில் கொழுந்துக் கூடையோடு நின்றது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க, வேலைநாளில் இரண்டு இடைவேளைகளைச் சட்டம் தாய்க்கு உரிமையாக்கியது; பிள்ளைக் காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரைமணி, இல்லாத இடத்தில் ஒருமணி. மலை ஏறி இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு அந்த அரைமணியில் எவ்வளவு பால் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் நேரத்தோடு அந்த இடைவேளையைச் சேர்த்துக்கொண்டு, ஓடிவந்து ஓடிப்போனவர்களே அதிகம்.

1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அந்த ஆண்டுகளுக்கிடையே வந்த உணவுப் பஞ்சத்தில் தோட்டத்துச் சிசுக்கள் மிகுதியாக மாண்டனர். 1992ல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. பிள்ளைக் காம்பரா இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம். கிழவி இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் இருக்கிறார். இன்று ஈறு வீங்கிச் சிணுங்கும் பிள்ளையைத் தாய் கொண்டுவந்தால், தோட்டத்து மருத்துவச்சி பல்லைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. எத்தனை தரம் வயிற்றாலே போயிற்று, சிறுநீர் கழிக்கிறதா, பால் குடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். பல் முளைப்பதால் உடம்பு சிறிது சுடலாமேயன்றிக் கடுங்காய்ச்சல் வராது என்பதை விளக்கி, வயிற்றோட்டமானால் ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைப் பொடியை நீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லி, காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் பல்லென்று எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கோ அன்றே அனுப்புகிறாள்.