மாமல்லபுரத்துத் தவப் பூனை

தவப் பூனை என்பது செங்கல்பட்டு மாவட்டம் மாமல்லபுரத்தில், ‘அர்ச்சுனன் தபசு’ என வழங்கும் புடைப்புச் சிற்பத் தொகுதியில் உள்ள ஒரு சிறிய உருவம். கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 20 கி.மீ. தொலைவு. தொகுதி 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் பணி. 1984 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று.

பாறையின் வலப்பாதியில், பெரிய யானைக்கு முன்னால் பூனை நிற்கிறது. பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறது. சுற்றிலும் எலிகள், கும்பிடுகிற எலியும் உண்டு. இடப்பாதியின் மேற்புறத்தில், எலும்பு தெரிய ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தியிருக்கும் முனிவரை நகலெடுத்த கோலம் இது. உண்மைத் தவத்தைச் செதுக்கிய பாறையிலேயே போலித் தவத்துக்கும் இடம் தந்திருக்கிறார்கள். பல்லவச் சிற்பிகளின் துணிச்சலுக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கையுயர்த்தி நின்ற பூனையை எலிகள் நம்பி அடைக்கலம் புகுகின்றன. நாளாக ஆக எலிகள் குறைகின்றன, பூனை கொழுக்கிறது. சொல்பவன் துரியோதனன், உலூகன் என்ற தூதன் வழியாக, தருமனைக் குத்திக்காட்ட அனுப்பும் கதை. பிறர் வேடத்தைக் கண்டுபிடிப்பதில் துரியோதனனுக்கும் ருசி இருந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்தப் பேர்வழிக்கு ‘ருத்ராட்சப் பூனை’ என்று பெயர். ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

மனித சுபாவத்தைப் பார்த்துச் சிரிக்கும் வழக்கம் பல்லவ அரண்மனையிலேயே இருந்தது. முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற வடமொழி அங்கத நாடகம் காஞ்சியில் நடக்கிறது. கபாலிகத் துறவி ஒருவன் தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்தத் துறவி திருடிவிட்டதாகச் சண்டை பிடிக்கிறான். தூக்கிப் போனதோ ஒரு நாய். குடியும் ஆசையும் துறவுக் கோலத்துக்குள்ளேயே இருப்பதை அரசனே எழுதிக் காட்டினான். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர்கள் இதை நடித்துவருகிறார்கள்.

தொகுதி அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்பது ஆய்வாளரிடையே பழைய வழக்கு. பாறையில் நாகர்கள் நீந்தும் நடுப்பிளவைக் கங்கை என்னும் பகீரதன் கட்சிக்கு, கங்கைக் கரைப் பூனை சாதகம். கதை பாரதத்தில் வருவதால் அர்ச்சுனன் கட்சியும் அதைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். எந்தக் கட்சி வென்றாலும் பூனைக்கு நட்டமில்லை.