மணவாளக்குறிச்சி மணலும் டைட்டானியம் டை ஆக்சைடும்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் அறிவியல் வரலாறு 1909-இல் தொடங்குகிறது. அப்போது அவ்வூர் திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்து ஏற்றுமதியான தென்னை நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் கனிமம் இருப்பதைச் செருமானிய வேதியியலாளர் ஷாம்பெர்க் கண்டறிந்தார். வாயு விளக்குகளின் மேண்டில் செய்யத் தேவையான தோரியம் அதிலிருந்து கிடைத்தது.

அதே மணலில் மிகுதியாக உள்ள கரிய இல்மனைட்டின் மதிப்பு பின்னரே உணரப்பட்டது. அதிலிருந்து பெறப்படும் டைட்டானியம் டை ஆக்சைடு வெள்ளை வண்ணப்பூச்சுகளுக்குப் பயன்பட்டது.

1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும், இச்சேர்மத்தாலான மின்முனையில் ஒளி பட்டால் நீர் பிரிவதை அறிவித்தனர். 1991-இல் ஓரீகனும் கிரேட்செலும் இதன் நுண்துகள் படலத்தில் சாயமேற்றிச் சூரிய மின்கலம் அமைத்தனர். சாயம் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானைத் தருகிறது. படலம் அதைக் கடத்துகிறது. உயர் வெப்பநிலையில், சூழ்ந்துள்ள ஆக்சிஜனின் அளவுக்கேற்ப இதன் மின்தடை மாறுவதால் வாயு உணரியாகவும் இது பயன்படுகிறது.

மணல் அள்ளுவதால் வரும் கடலரிப்பு, கதிர்வீச்சு பற்றிக் கடலோர மக்கள் எழுப்பும் கேள்விகளும் இவ்வரலாற்றில் அடங்கும். ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை வெண்பொடியைக் கையாளும் மாணவர், அதன் மூலப்பொருள் வந்த கரையையும் அறிந்திருத்தல் நன்று.