1918ஆம் ஆண்டின் காய்ச்சலும் ஆண்டுதோறும் போடும் ஊசியும்

கோலசிலாங்கூர் தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் காடு வெட்டியதையும் ரப்பர் நட்டதையும் விரிவாகவே எழுதுவர். பாத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கப்பட்டதையும் குறிப்பிடுவர். ‘தென்னமரம்’ என்னும் அத்தோட்டத்தின் பெயர் நம் தமிழ்ச்சொல்லே என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால், அதற்கு மறு ஆண்டு மலாயாத் தோட்டங்களில் நிகழ்ந்த பெருஞ்சாவைப் பற்றி நாம் பிள்ளைகளிடம் அதிகம் பேசுவதில்லை.

1918ஆம் ஆண்டின் நடுவில் சிங்கப்பூரில் தலைகாட்டிய இன்புளுவன்சா, அக்டோபரில் கடுமையாகத் திரும்பி வந்தது. மலாயா முழுவதும் மாண்டோர் 35,000க்குக் குறையார் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். தோட்டத் தொழிலாளரான தமிழரிடையே இழப்பு மிக அதிகம். காரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. பத்தடி அறையில் பலர் படுத்துறங்கிய லயம். மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் முன்பே நலிந்த உடல். ஒருவர் இருமினால் மறுநாள் வரிசையே படுக்கும் நெருக்கம். மேலும், அக்காய்ச்சல் இருபது முதல் நாற்பது வயதுக்கு உட்பட்டோரை மிகுதியாகக் கொன்றது. தோட்டத்தில் இருந்தோரோ பெரும்பாலும் அவ்வயதினரே. கடல் கடந்து பிழைக்க வந்த இளைஞர் மாண்டால், ஊரிலுள்ள தாய்க்குச் செய்தி போய்ச் சேரப் பல வாரமாகும். அந்த ஊரிலும் அப்பொழுது அதே காய்ச்சல்தான். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இதில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மலேரியாவுக்கு ஒரு வழி அப்போதே தெரிந்திருந்தது. 1901 முதல் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்துக் கொசுவைக் குறைத்துக் காட்டினார். மூச்சில் பரவும் நோய்க்கு எந்த வடிகாலை வெட்டுவது? டிரசரிடம் மருந்துமில்லை, நோய்க்கிருமி இன்னதென்றும் எவருக்கும் தெரியாது. மனிதரிடமிருந்து அக்கிருமியை இலண்டனில் பிரித்தெடுத்தது 1933இல்தான்.

1940களில் அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிசும் ஜோனஸ் சால்க்கும் தடுப்பூசி உருவாக்கினர். 1945இல் படைவீரர்களைக் காத்த அவ்வூசி, 1947இல் தோற்றது. போட்டவர்க்கும் போடாதவர்க்கும் ஏறத்தாழ ஒரே அளவில் காய்ச்சல் கண்டது. கிருமி தன் மேலுறையை மாற்றிக்கொண்டதே காரணம். “போன வருடம் போட்டோமே, இந்த வருடமும் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோர்க்கு இந்த 1947தான் விடை. ஊசி தரும் காப்பும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 1952இல் கண்காணிப்பு வலையமைப்பை நிறுவியது. இன்று அது பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கிருமிகளைப் பார்த்து, அடுத்த ஊசியில் எவை இடம்பெற வேண்டும் என்று பரிந்துரைக்கின்றது.

ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்பாரும் உளர். வரலாம். ஆயினும், மருத்துவமனை வரை போகும் நிலையும் உயிரிழப்பும் குறையும். வழக்கமாகப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லாததால் அதனாலேயே சளிக்காய்ச்சல் வராது. கை வலியும் சிறு சூடும் ஓரிரு நாள் இருக்கலாம்.

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் இக்கிருமி உலவுகின்றது. 2025 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்களுக்குத் தொற்று ஏற்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. சில பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறையும் ஒருவகையில் லயம்தான். முப்பது பேர், ஒரே காற்று.

நீரிழிவுள்ள பாட்டி, ஈளை நோயுள்ள பிள்ளை, கருவுற்ற தாய் ஆகியோருள் ஒருவராவது இல்லாத வீடு நம்மிடையே குறைவு. தனியார் கிளினிக்கில் பணம் கட்ட வேண்டியிருந்தால் முதலில் அவர்களுக்குப் போடுக. ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முதன்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒன்று போதும். காப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே, பள்ளி தொடங்குமுன் விடுமுறையிலேயே கிளினிக்கில் கேட்டு வைப்பது நன்று.