அவுட்போர்டு எஞ்சினில் எண்ணெய் மாற்றும் வழக்கம்: ஒரு வரலாறு

படகின் பின்பலகையில் வெளிப்புறமாகப் பொருத்தப்படும் இயந்திரம் அவுட்போர்டு எஞ்சின் எனப்படுகிறது. புதிய நான்கு வீச்சு அவுட்போர்டு எஞ்சின் முதல் 20 மணி நேரம் ஓடியதும் அதன் மசகு எண்ணெயை மாற்ற வேண்டும் என்று பல நிறுவனங்களின் கையேடுகள் கூறுகின்றன. இன்று இயல்பாகத் தோன்றும் இவ்வழக்கம் காலத்தால் பிந்தியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெரும்பாலான அவுட்போர்டு எஞ்சின்களில் மாற்றுவதற்கென்று எஞ்சின் எண்ணெயே இருந்ததில்லை.

எரிந்துபோன எண்ணெய்

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட், 1909-இல் மில்வாக்கி நகரில் தம் அவுட்போர்டு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1.5 குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின் ஏறத்தாழ 28 கிலோ எடை உடையது; டூ ஸ்ட்ரோக் எனப்படும் இருவீச்சு வகையைச் சேர்ந்தது.

இருவீச்சு எஞ்சினில் எரிபொருள் கலவை முதலில் கிராங்க் அறைக்குள் புகுந்து, பிறகே சிலிண்டருக்குச் செல்கிறது. ஆகவே அவ்வறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்றினர். அந்த எண்ணெய் உறுப்புகளுக்கு மசகிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து, புகையாக நீருக்குள் வெளியேறியது. 16 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது போன்ற அடர்த்தியான கலவைகள் பிற்காலத்தில் 50-க்கு ஒன்று என மெலிந்தன. எனினும் குறை முழுதாக நீங்கவில்லை. எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய கலவையும் உள்ளே வருவதால், பழைய வகை எஞ்சின்களில் எரிபொருளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு எரியாமலே நீரிலும் காற்றிலும் கலந்தது.

எஞ்சினுக்குள் தங்கிய எண்ணெய்

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1964-இல் ஜிபி30 என்ற நான்கு வீச்சு அவுட்போர்டு எஞ்சினை வெளியிட்டது. நீரில் ஓடும் கலம் அந்நீரை மாசுபடுத்தக் கூடாது என்பது அதன் நிறுவனர் சொய்ச்சிரோ ஹோண்டாவின் கொள்கை. ஆயினும் எடை குறைவு, விலை குறைவு, எளிய அமைப்பு ஆகிய காரணங்களால் இருவீச்சு எஞ்சினே பல ஆண்டுகள் முன்னணியில் இருந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996-இல் பிறப்பித்த விதிகள் இந்நிலையை மாற்றின. 1998-ஆம் ஆண்டு மாதிரிகளில் தொடங்கி, எஞ்சின்கள் வெளியிடும் ஹைட்ரோகார்பன் மாசு படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டியிருந்தது. நிறுவனங்கள் நான்கு வீச்சுக்கோ, நேரடி எரிபொருள் செலுத்தும் புதிய இருவீச்சுக்கோ மாறின. பின்னைய வழியில் சென்ற எவின்ரூட் எஞ்சின்களின் தயாரிப்பு 2020-இல் நிறுத்தப்பட்டது.

நான்கு வீச்சு எஞ்சினில் எண்ணெய் எரிபொருளோடு கலப்பதில்லை. அடியிலுள்ள தொட்டியில் தங்கி, மீண்டும் மீண்டும் சுழல்கிறது. அதனால் அது பழையதாகிறது; மாற்ற வேண்டிய தேவையும் எழுகிறது. அதிக வேகத்தில் நெடுநேரம் ஓடுதல், உப்புக்காற்று, துரு ஆகியவற்றைத் தாங்கும் எண்ணெய்க்கென அமெரிக்கக் கடல்சார் உற்பத்தியாளர் சங்கம் எப்சி-டபிள்யூ என்ற தரச்சான்றையும் உருவாக்கியது.

முதல் 20 மணி நேரம்

புதிய எஞ்சினில் பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் உராய்ந்து ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அப்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் எண்ணெயில் சேர்கின்றன. வளையங்கள் சரியாகப் பொருந்தும் வரை சிறிது பெட்ரோலும் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்யக்கூடும். முதல் மாற்றம் விரைவில் வருவதற்கு இவையே காரணம். அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான அளவு.

எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, நேராக நிறுத்தி, பழைய எண்ணெயை வடித்த பிறகு வடிகட்டியும் மாற்றப்படுகிறது. புதிய எண்ணெய் அளவுகோலின் மேல்குறியைத் தாண்டக் கூடாது. அடிப்பகுதியிலுள்ள கியர் ஆயிலும் அதே சமயத்தில் மாற்றப்படுவது வழக்கம். அது பால் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள்.

வடித்த எண்ணெயின் இடம்

இருவீச்சுக் காலத்தில் எண்ணெய் நீரில் கலப்பதைப் படகோட்டியால் தடுக்க முடியவில்லை. இயந்திரத்தின் அமைப்பே அப்படி இருந்தது. நான்கு வீச்சுக் காலத்தில் அப்பொறுப்பு அவர் கைக்கு வந்தது. வடித்த எண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிப்போரிடம் ஒப்படைத்தால்தான் எஞ்சின் மாற்றத்தின் நோக்கம் நிறைவேறும். கரையோரத்தில் கொட்டினால், பழைய எஞ்சின் சிறிது சிறிதாகச் செய்த கேட்டை ஒரே நாளில் செய்ததாகிவிடும்.