சென்னை ஆர்மீனியத் தேவாலயம்

சென்னை ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில் உள்ள புனித மரியன்னை தேவாலயம், ஆர்மீனிய அப்போஸ்தலத் திருச்சபைக்கு உரியது. 1712இல் வேறோரிடத்தில் முதலில் எழுப்பப்பட்டு, 1772இல் ஆர்மீனியரின் பழைய கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் கட்டப்பட்டது. ஆலயத்தைச் சுற்றிப் பின்னாளில் கல்லறைகள் பெருகுவதே பொது வழக்கம். இங்கோ அடக்க நிலம் முந்தியது, ஆலயம் பிந்தியது. இந்த வளாகத்தின் தனிச்சிறப்பு இதுவே.

சபைப் பிரிவு

ஆர்மீனியத் திருச்சபை ஓரியண்டல் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எகிப்தின் காப்டிக் சபை, எத்தியோப்பிய சபை, சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபை, கேரளத்தின் மலங்கரை சபை ஆகியவை இதன் உடன்பிறப்புகள். 451இல் கூடிய கால்சிடன் சங்கத்தின் முடிவை இவை ஏற்கவில்லை. ஆகவே கிரேக்க, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபைகளோடு இவற்றைச் சேர்த்து எண்ணக்கூடாது. ஆர்மீனியர் கிறிஸ்து பிறப்பை ஜனவரி 6இல் கொண்டாடுவர். இவர்களின் தலைமைப் பீடம் ஆர்மீனியாவின் எச்மியாட்சினில் உள்ளது.

தோற்றம்

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604–05இல் ஆர்மீனியரை ஜுல்ஃபாவிலிருந்து பெயர்த்து இஸ்ஃபஹானில் குடியேற்றினார். அங்கு உருவான புது ஜுல்ஃபாவின் வணிகர்கள் துணி, பட்டு, மணிக்கற்கள் ஆகியவற்றின் வாணிபத்துக்காகச் சென்னை வந்தனர். 1688 ஜூன் 22இல் கோஜா பானோஸ் கலந்தர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் உடன்படிக்கை செய்தார். கம்பெனியின் ஊர்களில் எங்கேனும் ஆர்மீனியர் நாற்பது பேர் குடியிருந்தால், அவர்களுக்கு ஆலய மனையும் மரத்தாலான ஆலயமும் கம்பெனி தரவேண்டும். குருவுக்கு ஏழாண்டுக்கு ஆண்டுதோறும் 50 பவுன் அளிக்கவேண்டும். 1712இல் எழுந்த ஆலயம் இந்த உரிமையின் பயனே.

1758–59இல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது அந்த ஆலயம் அழிந்தது. ஆகா ஷாமீர் சுல்தான் என்ற செல்வந்தர் கல்லறைத் தோட்ட நிலத்தைப் புதிய ஆலயத்துக்குத் தந்தார். 1765இல் இறந்த அவர் மனைவியும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1772இல் கட்டுமானம் நிறைவுற்றது. ஷாமீர் நடத்திய அச்சகத்திலிருந்தே, 1773 என ஆண்டு குறிக்கப்பட்ட ‘வொரொகாய்த் பாரத்ஸ்’ என்ற நூல் வெளிவந்தது. விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான அரசியல் சாசனம் இதில் வரையப்பட்டுள்ளது. தாயகத்தில் ஆர்மீனியருக்கு அரசு இல்லாத காலத்தில், அதற்கான சட்டத்தைச் சென்னையில் எழுதி வைத்தது இச்சிறு சமூகம்.

கல்லறைகள்

வளாகத்தில் சுமார் 350 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கல்லறைக் கற்கள் பெரும்பாலும் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டு, ஆர்மீனிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டவை. இவற்றுள் தலையாயது குரு ஹாருத்யுன் ஷ்மாவோன்யானின் கல்லறை. ஷிராஸில் பிறந்த இவர், தம் இரு மகன்களையும் பறிகொடுத்தபின் சென்னை வந்து, ஏறத்தாழ நாற்பதாண்டு குருவாகப் பணியாற்றினார். 1794 அக்டோபர் 16இல் இவர் தொடங்கிய ‘அஸ்தரார்’தான் உலகின் முதல் ஆர்மீனிய இதழ். 1796 வரை 18 இதழ்கள் வந்தன. 1824இல் இறந்தார். ஆர்மீனியாவில் அக்டோபர் 16 இன்றும் பத்திரிகை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வகையில் இது ஒரு தேசத்தின் இதழியலைத் தொடங்கிவைத்தவரின் கல்லறை.

அடையாற்றின்மீது 1726இல் மர்மலாங் பாலத்தைக் கட்டிய கோஜா பெத்ரோஸ் உஸ்கானும் சென்னை ஆர்மீனியரே. எனினும் அவர் அடக்கமானது வேப்பேரியில்.

மணிகள்

ஆலயத்தை ஒட்டிய மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிலோ எடை. அவற்றுள் பழையது 1754ஆம் ஆண்டினது. அது 1808இல் மீண்டும் வார்க்கப்பட்டபோது தமிழில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. அயல்நாட்டார் ஆலயத்தின் மணியில் தமிழ் இடம்பெற்றது, அவர்கள் இவ்வூரோடு கொண்டிருந்த உறவுக்குச் சான்று. 1837இல் வார்க்கப்பட்ட இரு மணிகளில் அவற்றை வார்த்த லண்டன் தாமஸ் மியர்ஸின் பெயர் உள்ளது.

இன்றைய நிலை

சென்னையில் ஆர்மீனியச் சமூகம் இல்லாததால் வாராந்திர வழிபாடு நடப்பதில்லை. கொல்கத்தா ஆர்மீனியத் திருச்சபைக் குழு வளாகத்தைப் பராமரிக்கிறது.