கடலைப் புண்ணாக்கும் ஒரு லட்சம் வான்கோழிகளும்

மீன்தூள் விலையைப் பார்த்து மலைச்சுப்போய், முட்டைக்கோழி தீவனத்துக்குக் கடலைப் புண்ணாக்கு வாங்கக் கிளம்பிட்டீங்களா? ஒரு பழைய கதையைக் கேட்டுட்டுப் போங்க.

1960, இங்கிலாந்து. ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்து விழுந்துச்சு. காரணம் புரியாம அந்த நோய்க்கு 'எக்ஸ்'னு பேர் வச்சாங்க. கடைசியில தீவனத்துல மாட்டுச்சு... பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு! அதுல வளர்ந்த பூஞ்சை கக்கின நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின்னு பேர்.

சுமார் 40 சதவீதம் புரதம் இருக்கிற நல்ல சரக்குதாங்க புண்ணாக்கு. ஈரம்தான் எதிரி. நஞ்சு கொஞ்சமா இருந்தா முட்டைக்கோழி உடனே சாகாது. ஈரல் கெட்டு, முட்டை குறையும். வறுத்தாலும் வேகவச்சாலும் நஞ்சு முழுசாப் போகாது. பூசணம் பிடிச்ச புண்ணாக்கு சல்லிசாக் கிடைச்சாலும் வேண்டாம் மக்கா!