ஆகுபெயர்: காட்டில் விளைந்த இலக்கணம்

ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர். தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நட்டால் வேர் கிழங்காகத் திரளும். “இந்த வருசம் குச்சி போட்டிருக்கோம்” என்று அங்கே ஒரு விவசாயி சொன்னால், குச்சி என்பது நட்ட தண்டு மட்டுமன்று; செடி, கிழங்கு, விளைச்சல் எல்லாம் அதில் அடக்கம். உறுப்பின் பெயர் முழுப் பயிருக்கும் ஆகி வந்திருக்கிறது. இதுவே சினையாகுபெயர். கொடியை நட்டவர் வெற்றிலை நட்டதாகச் சொல்வதும் இந்த வகைதான்.

ஆகுபெயர் என்ற சொல்லைத் தொல்காப்பியமே ஆள்கிறது. ஒன்றன் இயற்பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவதால் இப்பெயர். உவமைக்குப் பொருளதிகாரத்தில் தனி இயல் கொடுத்த தொல்காப்பியர், ஆகுபெயரைச் சொல்லதிகாரத்து வேற்றுமைமயங்கியலில் வைத்தார். செய்யுளுக்குப் பூட்டும் நகையாக அல்லாமல், சொல் பொருள் தரும் வழிகளுள் ஒன்றாக அவர் இதைக் கண்டார் என்றே கொள்ளலாம். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் இதை விரித்தார்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில், பிறகு நால்வகை அளவை, சொல், கருவி, காரியம், கருத்தா என மேலும் சில.

ஒரு பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் ‘கார்’ நல்ல சான்று. கார் என்பது கருமை. அந்நிறம் கொண்ட மேகத்துக்கு அது பெயராயிற்று. மேகம் திரளும் ஆவணி, புரட்டாசிப் பருவம் கார்காலமாயிற்று. அப்பருவத்து நெல்லும் காராயிற்று. ‘கார் அறுத்தாச்சு’ என்பவர் நிறத்தையோ மேகத்தையோ நினைப்பதில்லை. மூன்று முறை கைமாறியதால் இலக்கணிகள் இதை மும்மடியாகுபெயர் என்றனர்.

ஆத்தூர்க் கிச்சிலிச் சம்பாவை வாங்க வந்தவர் “ரெண்டு கிலோ போடுங்க” என்றால், எடையின் பெயர் அரிசிக்கு ஆகிறது. தேர்த் திருவிழாவில் “ஊரே திரண்டுருச்சு” என்றால், இடத்தின் பெயர் மக்களுக்கு ஆகிறது.

இத்தனை புழக்கமுள்ள ஒன்றை, 16 வகை என்று மனப்பாடம் செய்ய வைத்து மாணவரை மிரட்டுகிறோம். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியலைப் பிறகு கொடுங்கள். முதலில் வீட்டிலும் காட்டிலும் சந்தையிலும் கேட்கும் ஆகுபெயர்களைப் பிள்ளைகளே எழுதி வரட்டும். பேசத் தெரிந்த பிள்ளைக்கு இந்த இலக்கணம் முன்பே தெரியும். நாம் சொல்லித்தர வேண்டியது அதன் பெயரை மட்டுமே.